புது எம்டிபியும் கயாக்கும் டெல்டாவில் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜனவரி 28-க்கு மேட்டூரை அடைத்துவிட்டால் கொஞ்ச நாளில் காவிரியில் மணல் தெரிய ஆரம்பிக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எம்டிபி என்கிற மலை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கரைகளில் ஏறுவார்கள். ஜூன் 12-இல் அணையைத் திறந்தால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அப்புறம் கயாக் என்கிற துடுப்புப் படகு வெளியே வரும். இரண்டு சாமானும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அட்டைப் பெட்டியில் வருகின்றன. பிரித்த முதல் வாரத்திலேயே ஃபோன் வரும்: "அண்ணே, புதுசுதான், ஆனா என்னமோ சத்தம் வருது. திருப்பி அனுப்பிடவா?"

அனுப்ப வேண்டாம். பெரும்பாலும் சாமானில் கோளாறு இருக்காது. பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டியது சரியாக இருக்காது. இல்லையென்றால் மலை இறக்கத்துக்கும் பாறை ஆற்றுக்கும் செய்த பொருள் நம் களிமண்ணிலும் முள்ளிலும் உப்புக் காற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்: மதகைப் பற்றி எழுதியிருக்கும் பகுதி. இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பம்ப் அடித்தாலும் டயரில் காற்று ஏறவில்லை

டயர் மீதோ பம்ப் மீதோ சந்தேகப்பட வேண்டாம், வால்வைப் பாருங்கள். நம் சாதா சைக்கிள் வால்வு ஒரு வகை, மோட்டார் சைக்கிள் வால்வு இன்னொரு வகை. புது எம்டிபியில் வருவது பெரும்பாலும் மூன்றாவது வகை: பென்சில் போல ஒல்லியாக, உச்சியில் குட்டித் திருகோடு இருக்கும் பிரெஸ்டா வால்வு. அந்தத் திருகை இடது பக்கம் சுற்றித் தளர்த்தி, விரலால் ஒரு தடவை அமுக்கி 'புஸ்' என்று சத்தம் வந்த பிறகுதான் காற்று உள்ளே போகும். ஊர் பஞ்சர் கடை பம்ப் இதில் பொருந்தாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும். அதை வால்வு மேல் திருகிவிட்டால் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் எந்தக் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். ஒன்றைச் சாவிக்கொத்திலும் ஒன்றை சீட் பையிலும் போட்டு வையுங்கள்.

வாரத்துக்கு இரண்டு பஞ்சர்

டெல்டாவில் எம்டிபி ஓட்டுகிறவர்களின் முதல் புகார் இதுதான். காரணம் இரண்டு முள். ஒன்று சீமைக்கருவை, வேலிக்கு வெட்டிய கிளையை வரப்பிலும் கரையிலும் இழுத்துக்கொண்டு போகும்போது உதிர்வது. மற்றது நெருஞ்சி. கோடையில் காய்ந்து தரையோடு தரையாகக் கிடக்கும், எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே நிமிர்ந்து நிற்கும். கருவை முள் ஒரே ஓட்டையாகப் போட்டு உடனே காட்டிக்கொடுக்கும். நெருஞ்சி நாலைந்து இடத்தில் ஊசித் துளை போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கும். மறுநாள் காலையில்தான் டயர் தரை தட்டியிருக்கும்.

ட்யூப் போட்ட டயர் என்றால் ட்யூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரலால் வேண்டாம். ஒரு கை பஞ்சை எடுத்து உள்ளே முழுச் சுற்றும் இழுத்தால் முள் எங்கே நிற்கிறதோ அங்கே பஞ்சு மாட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பவும் பஞ்சர் ஆகிறதென்றால் பழைய முள்முனை டயருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். தொட்டித் தண்ணீரில் ட்யூபை அழுத்திப் பார்க்கும்போது முதல் குமிழியைக் கண்டதும் நிறுத்தாதீர்கள். நெருஞ்சி என்றால் முழுச் சுற்றும் பார்த்தாக வேண்டும்.

நிரந்தரத் தீர்வு ட்யூப்லெஸ்தான். டயர், ரிம் இரண்டிலும் ட்யூப்லெஸுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் ட்யூபைக் கழற்றி, ரிம் டேப் ஒட்டி, லேடெக்ஸ் சீலன்ட் ஊற்றிவிடலாம். 29 அங்குல டயருக்கு 100 மில்லி அளவில் ஊற்றுங்கள். முள் ஏறினால் பிடுங்கிவிட்டு, அந்த ஓட்டை தரையைப் பார்க்கிற மாதிரி சக்கரத்தைத் திருப்பிச் சற்று நேரம் வைத்தால் போதும், தானாக அடைத்துக்கொள்ளும். ஆனால் நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும். பாட்டிலில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சளசளவென்று கேட்காவிட்டால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. மார்ச்சில் ஊற்றியதை நம்பி ஜூன் வரை ஓட்ட முடியாது.

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. பாறைப் பாதையில் பிடிமானத்துக்காகக் குறைத்து வைக்கும் அழுத்தம் இறுகிப்போன ஆற்றுக்கரைக்குத் தேவையில்லை. 2.25 அங்குல டயரில் எழுபது கிலோ ஆள் 30 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டலாம். ஆற்று மணலில் இறங்கினால் 20-க்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், சக்கரம் புதையாது. ட்யூபோடு அவ்வளவு குறைத்தால் கல்லில் இடித்து ட்யூப் கிள்ளிக்கொள்ளும், கவனம்.

டிஸ்க் பிரேக் கத்துகிறது, பிடியும் இல்லை

புது பிரேக் பேடு, டிஸ்க்கோடு பழக வேண்டும். மலை இறக்கத்தில் ஓட்டுகிறவருக்கு இது தானாக நடந்துவிடும். நம் ஊரில் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேலையே இல்லை, அதனால் மாதக்கணக்கில் ஓட்டியும் பேடு பழகாமலே கிடக்கும். ஆளில்லாத நேராகப் போகும் ரோட்டில் வேகம் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் அழுத்தி நடக்கும் வேகத்துக்குக் கொண்டு வாருங்கள்; சக்கரம் பூட்டிக்கொள்ளக் கூடாது. இப்படிப் பதினைந்து இருபது தடவை. பிறகு பின் பிரேக்குக்கும் அதே. முடித்த கையோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள், கொதிக்கும்.

அதற்கும் அடங்காமல் கத்தினால் எண்ணெய் பட்டிருக்கிறது. சங்கிலிக்கு ஸ்ப்ரே அடிக்கும்போது சாரல் பின் டிஸ்க்கில் விழுவதுதான் வழக்கமான காரணம். டிஸ்க்கை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். பேடைக் கழற்றி, சமதளத்தில் உப்புத்தாள் வைத்து மேல்தோல் போகும் வரை தேயுங்கள். எண்ணெய் ஊறிப்போன பேடு என்றால் மாற்றத்தான் வேண்டும், சுட்டுச் சரிசெய்கிறேன் என்று அடுப்பில் காட்ட வேண்டாம். இனிமேல் சங்கிலிக்கு ஸ்ப்ரே அடிக்காமல் சொட்டுச் சொட்டாக விடும் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரேக் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது

சைக்கிளைக் குட்டி யானையில் தலைகீழாகப் போட்டு வந்தீர்களா? லீவரின் எண்ணெய்த் தொட்டிக்குள் இருக்கும் காற்று குழாய்க்குள் இறங்கியிருக்கும். சைக்கிளை நிமிர்த்தி வைத்து லீவரை விட்டுவிட்டு நிறையத் தடவை அமுக்குங்கள். பிறகு லீவரை ஹேண்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்டால் கட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் கெட்டியாகிவிட்டால் வேலை முடிந்தது.

ஆகவில்லையென்றால் எண்ணெய் மாற்றிக் காற்று எடுக்க வேண்டும். நம் பக்கத்தில் இங்கேதான் சாமான் பாழாகிறது. பக்கத்து மெக்கானிக்கிடம் இருப்பது மோட்டார் சைக்கிளுக்கான டாட் பிரேக் ஆயில். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில் வேண்டும். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளேயிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் வீண். லீவர் மூடியில் எந்த எண்ணெய் என்று பொறித்திருக்கும். படித்துக் காட்டிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள். தெரியாவிட்டால் திருச்சியில் கியர் சைக்கிள் வேலை பார்க்கும் கடைக்குக் கொண்டு போவது நல்லது.

கியர் தாவுகிறது, சங்கிலி கடகடக்கிறது

முதல் சில வாரத்தில் இது எல்லாப் புது சைக்கிளிலும் வரும். கேபிளும் அதன் உறையும் பூட்டிய இடத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளர்கின்றன, அவ்வளவுதான். பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால், கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் வட்டத் திருகை இடம்சுழியாகக் கால் சுற்று திருப்பி, மிதித்துப் பாருங்கள். சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் வலம்சுழியாக. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாதீர்கள். சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றிவிடும், பின்னால் தொங்கும் டீரெய்லரில் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சங்கிலி எல்லை தாண்டி வெளியே விழுந்தால் ஒழிய அவற்றைத் தொட வேண்டாம்.

திருகிப் பார்த்தும் ஒரு கியர் சரியானால் இன்னொன்று கெடுகிறதா? சைக்கிளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லர் பல்சக்கரத்துக்கு இணையாகத் தொங்காமல் கம்பிகளைப் பார்த்து உள்ளே சாய்ந்திருந்தால் அதைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறது. பெட்டியில் வரும்போது வாங்கிய அடியாக இருக்கும். மட்டக்கோல் வைத்துத்தான் நிமிர்த்த வேண்டும். கையால் இழுத்தால் அலுமினியம் ஒடியும். அந்த ஹேங்கர் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி வடிவம், நம் ஊரில் கிடைக்காது. சைக்கிள் வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

தை, மாசியில் வரும் கடகட சத்தத்துக்குக் காரணம் வேறு. சம்பா அறுத்து ரோட்டில் வைக்கோல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஓட்டினால் வைக்கோல் பல்சக்கர இடுக்கிலும் டீரெய்லர் உருளையிலும் சுற்றிக்கொள்ளும். சத்தம் கேட்டதுமே மிதிப்பதை நிறுத்துங்கள். வைக்கோல் சிக்கிய நிலையில் அழுத்தி மிதித்தால் டீரெய்லரே பிய்த்துக்கொண்டு கம்பிக்குள் போய்விடும்.

மிதிக்கும்போது இடது பக்கம் 'டக் டக்'

இடது பெடலுக்கு மரை தலைகீழ். இது தெரியாமல் வலது பக்கம் போலவே முறுக்கினால் மரை சிதைந்துவிடும். பெடல் அச்சில் எல், ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேல்நோக்கி வைத்து முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இறுகும். கிரீஸ் தடவி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே சுற்றுங்கள். கையால் சுற்றவில்லையென்றால் கோணலாக ஏறுகிறது, வெளியே எடுத்துவிடுங்கள். பெடல் இறுகியும் சத்தம் நிற்கவில்லையென்றால் கிராங்க் போல்ட், சீட் கம்பி இரண்டையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள். சீட் கம்பி சத்தம் காலடியிலிருந்து வருவதாகவே காதுக்குப் படும். கார்பன் கம்பி என்றால் கிரீஸ் ஆகாது, அதற்கென்று தனிப் பசை உண்டு.

முன் ஃபோர்க் அமுங்கவில்லை

ஃபோர்க்கின் வலது காலின் உச்சியில் இருக்கும் லாக்அவுட் குமிழ் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பாதி கேஸ் இங்கேயே தீர்ந்துவிடும். திறந்திருந்தும் கல் மாதிரி நின்றால் காற்று அதிகம். பெட்ரோல் பங்க் காற்று இதற்கு ஆகாது. ஷாக் பம்ப் என்று தனியாக உண்டு. ஹெல்மெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிச் சாதாரணமாக உட்காருங்கள். 100 மில்லிமீட்டர் ஃபோர்க் என்றால் 20 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்க வேண்டும். காலில் இருக்கும் ரப்பர் வளையம் அளவு காட்டும்.

சேறு அடைத்துச் சக்கரமே சுற்றவில்லை

இதற்கு சைக்கிளில் மருந்தில்லை, வழியை மாற்றுவதுதான் மருந்து. மன்னார்குடி, திருவாரூர் பக்கத்துக் களிமண் மழைக்குப் பின் டயரிலும் ஃபோர்க்கிலும் அப்பிக்கொண்டு இறுகும். அந்த வாரத்தில் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைச் செம்மண் பக்கம் போங்கள். தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். மாட்டிக்கொண்டால் சங்கிலியை மிதித்து இழுக்காமல் குச்சியால் சுரண்டி எடுத்துத் தூக்கிக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்து வாட்டர் சர்வீஸ் கடையில் விட வேண்டாம். அந்த வேகத் தண்ணீர் பேரிங் சீலைத் தாண்டிக் கிரீஸைக் கழுவிவிடும். வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். வேதாரண்யம், கோடியக்கரை வரை போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, உலர்த்தி, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். உப்பளக் காற்று ஒரே ராத்திரியில் சங்கிலியைச் செம்பட்டையாக்கிவிடும்.

கயாக் நேரே போகாமல் சுற்றிச் சுற்றி வருகிறது

சரி, இனி தண்ணீர்ப் பக்கம். "படகு கோணலா வார்த்துட்டாங்க போல" என்பார்கள். வார்ப்பில் குறையில்லை. வெள்ளாற்று கயாக்கை (நுரைத்து ஓடும் மலை ஆற்றுக்கான வைட்வாட்டர் வகை) செய்ததே பாறைகளுக்கு நடுவில் சட்டென்று திரும்புவதற்குத்தான். நீளம் இரண்டே முக்கால் மீட்டருக்குள், இரண்டு முனையும் மேலே தூக்கியிருக்கும், அடியில் நேராகப் பிடிக்கும் கீல் கிடையாது. ஓட்டம் உள்ள தண்ணீரில் வரம். தஞ்சாவூர் புது ஆற்றுத் தேக்கத்தில் தொல்லை.

முதலில் உட்காரும் விதத்தைச் சரிசெய்யுங்கள். இடுப்புப் பட்டைகள் இடைவெளி இல்லாமல் பிடிக்க வேண்டும், பாதம் முன்கட்டையில் ஊன்ற வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பிறகு துடுப்பு. கிடைமட்டமாக அகட்டி வலித்தால் ஒவ்வொரு வலிப்பும் படகைத் திருப்பும். துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்து, படகை ஒட்டி, கால் விரல் அருகே போட்டு இடுப்பருகே எடுத்துவிடுங்கள். இடுப்பைத் தாண்டிப் பின்னால் இழுப்பதுதான் படகைச் சுற்ற வைக்கிறது. முனையைப் பார்க்காமல் தூரத்தில் ஒரு தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள், திரும்ப ஆரம்பிக்கும்போதே கண்ணுக்குத் தெரியும், சின்ன வலிப்பில் திருத்திவிடலாம்.

இன்னொரு விஷயம்: புதுத் தண்ணீரும் ஆடிக்காற்றும் சேர்ந்துதான் வருகின்றன. காற்று பக்கவாட்டில் அடித்தால் கைதேர்ந்தவர் படகும் திரும்பும். காலை ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். எப்போதும் டெல்டாவில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால், இறக்கி ஏற்றும் ஸ்கெக் (படகை நேராகப் பிடிக்க அடியில் இருக்கும் சின்னத் தகடு) உள்ள, ஓடும் தண்ணீருக்கும் தேங்கிய தண்ணீருக்கும் பொதுவான கிராஸ்ஓவர் வகை கயாக் வாங்குவது புத்திசாலித்தனம். வாங்கும் முன்பே கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடிப்பாகம் நெளிந்துவிட்டது

பாலிஎத்திலீன் படகு சூட்டில் இளகும். வண்டி மேல் கயிற்றை முறுக்கிக் கட்டி சித்திரை வெயிலில் கொண்டு வந்தால் குழி விழாமல் இருக்காது. அதே வெயில்தான் மருந்தும்: வயிற்றுப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி கவிழ்த்து வெயிலில் வையுங்கள், சூடானதும் உள்ளேயிருந்து கையால் தள்ளுங்கள். பிடிவாதமான குழிக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே தள்ளலாம். நெருப்போ ஹீட் கன்னோ வேண்டாம். வீட்டில் வைக்கும்போது நிழலில் ஒருக்களித்தோ செங்குத்தாகவோ வையுங்கள். தட்டையாகத் தரையில் மாதக்கணக்கில் வைத்தால் திரும்பவும் நெளியும்.

உள்ளே தண்ணீர் சேர்கிறது

வடிகால் மூடியை இறுக்கினீர்களா என்பதில் தொடங்குங்கள். அதுவும் சரி என்றால் கரையிலேயே சோதனை செய்யலாம். படகை இரண்டு பலகை மேல் வைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, படகுக்குள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். தாள் எங்கே நனைகிறதோ அதுதான் ஓட்டை. தாள் நனையவே இல்லையென்றால் ஒழுக்கு மேலிருந்து வருகிறது: சீட் போல்ட், கைப்பிடி போல்ட், அல்லது ஸ்ப்ரே ஸ்கர்ட்டின் (உட்காரும் துளையை இடுப்போடு சேர்த்து மூடும் உறை) இடுப்புப் பக்கம். போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் மாற்றினால் போதும்.

ஸ்ப்ரே ஸ்கர்ட் மாட்டவே முடியவில்லை

புது நியோபிரீன் அப்படித்தான் இருக்கும். நன்றாக நனைத்து, முதலில் முதுகுப் பக்கம் மாட்டி, முழங்கையால் அதை அழுத்திக்கொண்டு, கடைசியில் முன்பக்கத்தை இழுத்து மாட்டுங்கள். ஓரிரு நாள் நிழலில் படகின் மேல் மாட்டியே வைத்தால் இளகும். எண்ணெய் தடவ வேண்டாம்.

மாட்ட முடிவதைவிடக் கழற்ற முடிவது முக்கியம். முன்னால் இருக்கும் இழுப்பு வார் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளே மடங்கிப்போனால், கவிழ்ந்த படகிலிருந்து வெளியே வர முடியாது. முதல் முறை ஆற்றுக்கே போகக் கூடாது. மார்பளவு ஆழமுள்ள தேங்கிய தண்ணீரில், நீச்சல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்ந்து, வாரை முன்பக்கமாக இழுத்து வெளியே வரப் பழகுங்கள். யோசிக்காமல் கை போகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதுவரை ஸ்கர்ட் இல்லாமலே ஓட்டுங்கள், டெல்டாத் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை.

லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறுகிறது

தோள் வாரை முதலில் இறுக்கியிருப்பீர்கள். எல்லா வாரையும் தளர்த்திவிட்டு, இடுப்பு வாரை முதலில் இறுக்குங்கள், பிறகு விலா, கடைசியில் தோள். ஒருவர் தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். மூக்கு வரை வந்தால் அளவு பெரிது, மாற்றிக்கொள்ளுங்கள். 'வளர்கிற பையன்தானே' என்று பிள்ளைக்குப் பெரிதாக வாங்கவே கூடாது. உட்காருவதற்குத் தலையணையாகப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கி மிதக்கும் சக்தி போய்விடும்.

காற்றடைத்த கயாக் தொய்கிறது, அல்லது தையல் பிரிகிறது

நிழலில் காற்றடித்துக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் தொய்வது இயல்பு. தண்ணீரில் பத்து நிமிடம் கழித்து இன்னும் கொஞ்சம் அடியுங்கள். ஆபத்து எதிர்ப்பக்கம்தான்: இறுக்கமாக அடித்த படகைச் சாப்பாட்டு நேரத்தில் வெயில் மணலில் போட்டுவிட்டுப் போனால் உள்ளே காற்று விரிந்து ஒட்டு பிரியும். கரையேறியதும் கொஞ்சம் காற்றை விட்டுவிடுங்கள். வால்வு கசிந்தால் வண்டல் மணல் உட்கார்ந்திருக்கும், கழுவினால் நிற்கும். முத்துப்பேட்டை, பிச்சாவரம் பக்கம் சிப்பி ஒட்டிய அலையாத்தி வேர் கத்தி மாதிரி கிழிக்கும். அங்கே கெட்டிப் படகுதான் சரி, வனத்துறை அனுமதியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துடுப்பின் இரண்டு பாதியும் பிரியவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது

பிரியாததற்குக் காரணம் மணல். நேராக இழுக்காமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே முறுக்கி எடுங்கள். வலி இறுக்கிப் பிடிப்பதால் வருகிறது. ஒரு கைதான் பிடிக்க வேண்டும், மற்றதில் துடுப்பு தளர்வாகச் சுழல வேண்டும்.

"தண்ணி அசையவே இல்லண்ணே, மதகு சட்ரஸுக்குக் கீழ நுரை கட்டி ஓடுதே, அங்க இறங்கலாமா?"

கூடாது. எத்தனை நல்ல கயாக் வைத்திருந்தாலும், ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தாலும் கூடாது.

புது வெள்ளாற்று கயாக் வாங்கியவர் கண்ணுக்கு டெல்டாவில் வெள்ளையாகத் தெரிவது மதகுத் தண்ணீர் ஒன்றுதான்: முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை கீழணை, தென்பெரம்பூர் மாதிரி சட்ரஸ்கள், வாய்க்கால் தலைப்பில் இருக்கும் சின்ன நீரொழுங்கிகள். மலை ஆற்றில் பாறைக்கு நடுவே நுரைத்து ஓடும் தண்ணீர் பெரும்பாலும் உங்களைக் கீழே தள்ளிவிட்டுப் போய்விடும், பக்கத்தில் ஒதுங்கிக்கொள்ளவும் சுழல் இருக்கும். மதகுத் தண்ணீர் அப்படியில்லை. மேலிருந்து விழும் தண்ணீர் நேராக அடித்தளத்துக்குப் போய் மோதி எழும்புகிறது. எழும்பியதில் ஒரு பகுதி மேற்பரப்பில் திரும்ப மதகை நோக்கியே ஓடுகிறது. தயிர் கடையும் பானைக்குள் விழுந்த பொருள் போல, விழுந்தது எதுவும் அதே இடத்தில் உருண்டுகொண்டே இருக்கும். கரைக்குக் கரை ஒரே நேர்கோட்டில் கட்டியிருப்பதால் பக்கவாட்டில் தப்ப வழியில்லை, இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர். தண்ணீரில் பாதி காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் முழுதாகத் தூக்காது. பார்க்கச் சின்னதாக, இடுப்பு உயரமே விழுகிற தண்ணீர்கூட இதைச் செய்யும். உலகம் முழுக்கக் கயாக் ஓட்டுகிறவர்கள் தாழ்வான தடுப்பணையைக் கண்டால் இறங்கி, படகைத் தோளில் தூக்கிக் கரை வழியே சுற்றிப் போவது இதனால்தான்.

மேல்பக்கமும் அமைதியாகத் தெரிவதை நம்பாதீர்கள். கதவு அடியில் திறந்திருந்தால் மேற்பரப்பு அசையாமல் இருக்க, இழுப்பு முழுதும் அடியில் இருக்கும். ஆகாயத்தாமரையும் கருவைக் கிளையும் கதவில் சேர்ந்திருக்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து போகும், ஆள் மாட்டிக்கொள்வார். நீர்வளத் துறையின் எச்சரிக்கைப் பலகைக்கு வெகு முன்னாலேயே கரையேறிவிடுங்கள். அந்தத் தண்ணீரின் பலம் எவ்வளவு என்றால், 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகளே உடைந்துபோயின.

முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் காலையில் முழங்காலளவு இருந்த வாய்க்கால் மாலையில் கழுத்தளவு வரலாம். மேட்டூரிலிருந்து எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள் என்று செய்தியில் பார்த்துவிட்டே கிளம்புங்கள். கொள்ளிடத்தில் மணல் எடுத்த குழிகள் மேலிருந்து தெரியாது. அணைக்கரைக்குக் கீழே முதலையும் உண்டு. யாராவது மதகடியில் மாட்டிக்கொண்டால் கரையிலிருந்து கயிறு வீசுங்கள், மூங்கிலை நீட்டுங்கள். குதிக்காதீர்கள், ஒருவருக்கு இருவராகப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

வாங்கிய கயாக்கை அதற்கு உரிய தண்ணீரில் ஓட்ட ஆசையா? மழைக்காலத்தில் கோழிக்கோடு பக்கம் போங்கள். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கும் சாலிப்புழையும் இருவழிஞ்சிப்புழையும் ஒரு ராத்திரிப் பயண தூரம்தான். அங்கே கற்றுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், மீட்புக்கு ஆள் நிற்கிறார்கள். தாண்டேலியில் காளி நதி, குடகில் பாரபோளே என்று தெற்கிலேயே இடமுண்டு. தரம் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்டிருப்பார்கள். முதல் வருடம் இரண்டைத் தாண்ட வேண்டாம்.

ஒரே ஹெல்மெட் இரண்டுக்கும் போதுமா?

போதாது. சைக்கிள் ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மகோல் ஒரு பலமான அடிக்குத்தான். அடி வாங்கினால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். தண்ணீர் ஹெல்மெட் பாறையில் திரும்பத் திரும்ப இடிபடுவதற்கென்று செய்தது, காதும் பின்கழுத்தும் மூடியிருக்கும், தண்ணீர் வடிய ஓட்டை இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள்: சைக்கிளுக்கு ஈ.என். 1078, வெள்ளாற்றுக்கு ஈ.என். 1385.

அப்படியானால் எதைத்தான் திருப்பி அனுப்புவது?

ஃபிரேம் வெல்டிங்கில் அல்லது அதையொட்டி முடி போல ஒரு கோடு; நகத்தால் கீறினால் தட்டுப்பட்டால் அது பெயிண்ட் கீறல் இல்லை, விரிசல். ஃபோர்க்கின் பளபளப்பான காலில் எண்ணெய்க் கசிவு. கிராங்க்கில் பெடல் மரை வரும்போதே சிதைந்திருப்பது. கயாக்கில் சீட்டுக்கு அடியில் அல்லது மூக்கில் விரிசல். லைஃப் ஜாக்கெட் தோள் தையல் பிரிவது. இவை எதுவும் சரிசெய்து ஓட்டுகிற கோளாறு இல்லை. ஓட்டுவதை அன்றைக்கே நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுங்கள், தொடர் எண் பொறித்த இடத்தையும் சேர்த்து. பில்லோடு கடைக்கு அனுப்பும் வரை பெயிண்டோ பசையோ மேலே பூச வேண்டாம், வாரண்டி போய்விடும். சைக்கிள் வந்த அட்டைப் பெட்டியை முதல் சர்வீஸ் முடிகிற வரை கரையான் அண்டாத இடத்தில் பரண் மேல் வைத்திருங்கள். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அந்த அளவுப் பெட்டி கும்பகோணத்திலும் கிடைக்காது, மன்னார்குடியிலும் கிடைக்காது.